அழுத்தினால் கேட்காது

பிப்ரவரி 2, ஞாயிறு

புது நோட்டு. ரஹ்மத் வாங்கிக் கொடுத்தது. "ஏட்டி குளோரி, தெனமும் வார்டுக்குப் போய்ட்டு வந்து என்ன கேட்டுச்சோ அத இதுல எழுது. புத்தகத்துல உள்ளத எழுதாத. ஒங் காதுல விழுந்தது மட்டும்" என்று கண்டிஷன் வேறு. என்னோடு கல்லூரியில் சேர்ந்தவள், என் ரூம்மேட். பாஸாகி இப்போது ஹவுஸ் சர்ஜன். நான் இன்னும் மாணவிதான். மெடிசின் பிராக்டிகலில் இரண்டு தடவை ஃபெயில்.

இரண்டு தடவையும் இதயம். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்து என்ன கேட்கிறது என்று சொல்ல வேண்டும். லப் டப் எனக்குக் கேட்கும். அதற்கு நடுவில், இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற சத்தம், மர்மர் என்று நாங்கள் சொல்வது, அது மட்டும் கேட்காது. காதைக் காட்டலாம் என்று நேற்று ஈ.என்.டி.க்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி பீப் பீப் என்று விட்டார்கள். எல்லாப் பீப்பும் கேட்டது. 'நார்மல்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது. காது கெட்டிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வருஷத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். ஆளுக்கு ஐந்து விநாடி கேட்போம். சார் "கேட்டுச்சா?" என்பார். முதல் ஆள் "கேட்டுச்சு சார்" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் கேட்டுவிடும். இல்லை என்று சொல்ல எவளுக்குத் தைரியம்? நானும் "கேட்டுச்சு சார்" சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஆள்தான்.

பரீட்சை பதினேழாம் தேதி. பதினைந்து நாள் இருக்கிறது. இந்த முறையும் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பெண்கள் வார்டு, ஏழாம் கட்டில். முப்பிடாதி. முக்கூடல்காரி, பீடி சுற்றுகிறவள், முப்பத்து மூன்று வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் போய் உட்கார்ந்து, இடது பக்கத்து மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. கதவு பாதிதான் திறக்கும். ரத்தம் அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போகும்போது ஒரு உறுமல் வரும். அந்த உறுமலுக்காகவே எங்கள் கல்லூரி அவளைப் பரீட்சைக்குப் பரீட்சை கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. எக்ஸாம் கேஸ்.

"வாங்க டாக்டரம்மா. ரெண்டு வாட்டி ஃபெயிலானது நீங்கதானா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"யாருக்கா சொன்னா?"

"வார்டு பூரா தெரியும்லா. கவலப்படாதீய. ஏழு பரிச்சைக்கு வந்திருக்கேன். என் நெஞ்ச வச்சு ஃபெயிலான ஆளே கெடையாது. கேக்கலன்னா நான் சொல்லித் தாரேன்." உதட்டைக் குவித்துக்கொண்டு, தன் இதயம் போடுகிற சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினாள். "டுர்ர்ர்-டப்பு, த-தா. டுர்ர்ர்-டப்பு, த-தா. எப்படி? பெரிய டாக்டரு ஒருத்தரு சொல்லிக் குடுத்தது."

பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். கூட இருக்கிற தங்கச்சி கோமு, "யக்கா, சும்மா கெட. மூச்சு வாங்குதுல்லா" என்று போர்வையை இழுத்து விட்டாள். கோமு ப்ளஸ் டூ படித்தவள், ஜவுளிக் கடையில் வேலை. அக்காவுக்காக லீவு போட்டு வந்திருக்கிறாள்.

முப்பிடாதி விடவில்லை. "பரிச்சையில நீங்க தப்பா சொன்னா நான் நெத்தியச் சொறிவேன். அத வச்சு மாத்திச் சொல்லிருங்க. போன பரிச்சையில ஒரு பையன் கரையேறுனதே என் நெத்தியாலதான்."

காதில் விழுந்தது: லப், டப். லப் கொஞ்சம் பலமாக.

பிப்ரவரி 4, செவ்வாய்

லப் டப். அவ்வளவுதான். கழுதைக் காது.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் இரண்டு செட் துணி துவைத்தேன். மெஸ்ஸில் உப்புமா, அதையும் தின்றேன். எட்டரைக்கு வார்டு.

அசிஸ்டண்ட் புரொபசர் ஆறுமுகநயினார் சார் எக்ஸாம் கேஸ் லிஸ்ட் போட என்னைக் கூப்பிட்டார். என்னைப் போல வார்டிலேயே பழியாகக் கிடப்பவள்தானே அதற்கு லாயக்கு. ஏழாம் கட்டில் பெயரை எழுதும்போது பேனாவை நிறுத்தினார். முப்பிடாதிக்குக் கார்டியாலஜியில் பலூன் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம், பதினொன்றாம் தேதி. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை விட்டு ஊதினால் சுருங்கின வால்வு திறந்துகொள்ளும். மூச்சு வாங்கல் தீரும். உறுமலும் போய்விடும்.

"பதினொண்ணுல பலூன் போட்டா பதினேழுல எனக்குக் கேஸ் எங்கம்மா இருக்கு?" என்றார் சார்.

காதில் விழுந்தது: ஒன்றுமில்லை. ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினதில் அவள் தோலில் வட்டமாகத் தடம் பதிந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா, முத்திர குத்துதியளா?" என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

கேட்டுவிட்டது! கர்த்தாவே, கேட்டுவிட்டது!

மதியம் ரஹ்மத் கூட வந்தாள். நான் வைப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி மண்டு, ஸ்டெத்துல அந்தச் சின்னக் குழிப் பக்கத்த இப்படிப் போட்டு அழுத்துனா கீழ்ச்சத்தம் எப்படி கேக்கும்? தோலு இறுகிரும்லா. சும்மா மேல வையி. பூவ வைக்கிற மாதிரி வையி." இவ்வளவு நாளும் கேட்கவில்லை கேட்கவில்லை என்று நான் அழுத்த, அழுத்த அழுத்த அது கேட்காமல் போக, நான் இன்னும் அழுத்த. மூன்று வருஷம்!

முப்பிடாதியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னேன். கையின் பாரம்கூட இல்லாமல் வைத்தேன். முதலில் லப் டப். பிறகு அடியில், தூரத்தில் லாரி போகிற மாதிரி, டுர்ர்ர். அடுத்த லப்புக்குக் கொஞ்சம் முன்னால் அது பலத்துக்கொண்டு வந்து முட்டுகிறது. அவள் வாயால் போட்டுக் காட்டினாளே, அதே தாளம். அச்சு அசல்.

நான் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள். "கேட்டுச்சா? கேட்டுச்சா டாக்டரம்மா? நான் சொன்னம்லா!"

அவள் இதயத்தில்தான் முதன்முதலாக எனக்குக் காது திறந்தது. சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 8, சனி

தலைக்குக் குளித்தேன். வெள்ளைக் கோட்டில் பொத்தான் தைத்தேன். மற்ற கட்டில்களில் இரண்டு இதயக் கேஸ் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முப்பிடாதியிடம் மட்டும்தான் கேட்கிறது.

முப்பிடாதி பலூன் தேதியைப் பதினெட்டுக்குத் தள்ளி வைத்துக்கொண்டாள். கார்டியாலஜியில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அவளாக எடுத்த முடிவு.

பிப்ரவரி 11, செவ்வாய்

சத்தம் நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் நோயாளியைக் கொஞ்சம் நடக்க விட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மாடிப்படியில் பத்துப் படி ஏறி இறங்கச் சொன்னேன். ஏறினாள். ஆறாம் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல, இந்தா..." என்றவள் மீதியைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "...வாரேன்" என்றாள்.

கட்டிலுக்கு வந்து வைத்துக் கேட்டால், அப்பப்பா, என்ன தெளிவு! நோட்டில் படம்கூட வரைந்து வைத்தேன்.

கோமுதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ராத்திரி இருமலாம். இரண்டு தலையணை போதாமல் மூன்று வைக்கிறாளாம். "இன்னைக்குத்தான பலூன் போடுதோம்னு சொன்னாவ?" என்று கேட்டாள். முப்பிடாதி அவளை அதட்டினாள். "டாக்டரம்மா பரிச்ச முடியட்டும்டி. ஒரு வாரத்துல என்ன கொறஞ்சு போச்சு?"

கேஸ் ஷீட்டில் பார்த்தேன். மூன்று நாளாக ஒரே வரி: 'அதே மருந்து தொடரவும்.' எக்ஸாம் கேஸ் என்றால் ரவுண்ட்ஸில் யாரும் நின்று பார்ப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த நெஞ்சுதானே.

பிப்ரவரி 13, வியாழன்

அப்பா போன் பண்ணினார். படிப்பு எப்படி என்று கேட்கவில்லை. கோயிலில் பாஸ்டர் எனக்காக ஸ்பெஷல் ஜெபம் பண்ணினாராம். சபை முழுக்கத் தெரிந்துவிட்டது, சந்தோஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வீட்டு வாசலில் 'டாக்டர் ஜே. குளோரி' என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார். முதல் ரிசல்ட் வந்த அன்றைக்கு அதன் மேல் பேப்பர் ஒட்டினார். "பேப்பரு கிழிஞ்சிருச்சு மக்கா. புதுசு ஒட்டட்டா, இல்ல பதினேழு வரைக்கும் பாக்கட்டா?" என்று கேட்டார்.

பாருங்கப்பா என்று சொன்னேன்.

காதில் விழுந்தது: டுர்ர்ர்-டப்பு, த-தா. பிசகே இல்லை.

பிப்ரவரி 15, சனி

முப்பிடாதி இன்று அதிகம் பேசவில்லை. படபடப்பாக இருக்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். சிரிக்கத்தான் செய்தாள்.

காதில் விழுந்தது: ரஹ்மத் சொன்னபடி கேட்டதை மட்டும் எழுதுகிறேன். தாளம் இல்லை. படியிறங்குகிறவன் கால் தடுக்கி இரண்டு படி சேர்ந்து விழுந்து, அப்புறம் நின்று, அப்புறம் ஓடுகிற மாதிரி. எங்கே அடுத்தது வரும் என்று தெரியவில்லை. லப்புக்கு முன்னால் பலத்துக்கொண்டு வருமே அந்த உறுமல், அதைக் காணோம். நெஞ்சில் எண்ணினால் நூற்றுப் பதினாறு. மணிக்கட்டில் நாடியை எண்ணினால் தொண்ணூறு, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியது. இரண்டு தடவை எண்ணினேன்.

புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. புத்தகத்தில் உள்ளதை எழுதக் கூடாது என்பது கண்டிஷன்.

என் காதை நான் என்றைக்கு நம்பினேன்? எட்டு நாள் கேட்ட காது, மூன்று வருஷம் கேட்காத காது. காலையில் டியூட்டி டாக்டர் பார்த்து 'அதே மருந்து தொடரவும்' என்று எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? சார் எக்ஸாமினருக்காக எழுதி வைத்திருக்கிற விடைத்தாளில் 'ரிதம் ரெகுலர்' என்றுதான் இருக்கிறது. நானே பார்த்தேன்.

பயத்தில் எனக்குத்தான் ஏதோ கேட்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வார்டுக்குப் போகவில்லை. ரூமிலேயே இருந்து படித்தேன். கோமு இரண்டு தடவை போன் பண்ணினாள். எடுக்கவில்லை, படிப்பு ஓடவேண்டுமே.

பிப்ரவரி 17, திங்கள்

பரீட்சை முடிந்தது. எனக்குப் பரிசோதிக்க வந்த ஷார்ட் கேஸ் முப்பிடாதிதான். நன்றாகச் சொன்னேன். வெளியூர் எக்ஸாமினர் "வெரி குட்" என்றார். ஆறுமுகநயினார் சார் வெளியே வந்து "இந்த வாட்டி கரையேறிட்டம்மா" என்று தோளில் தட்டினார்.

அப்பாவிடம் சொன்னேன். போனைக் கீழே வைக்கும் முன்பே பேப்பர் கிழிகிற சத்தம் கேட்டது.

வெள்ளைக் கோட்டைத் துவைத்தேன். கறை இருந்த மாதிரி இருந்தது, இன்னொரு தடவையும் துவைத்தேன். ரஹ்மத் அல்வா வாங்கி வந்தாள், தின்ன முடியவில்லை. சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படி ஆகும்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு அவளுக்குப் பலூன். நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும். ஒரே ஒரு நாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை ஆறரைக்கு ரஹ்மத் வார்டிலிருந்து கூப்பிட்டாள். ஓடினேன்.

முப்பிடாதி ராத்திரி எந்நேரமோ எழுந்து பாத்ரூம் போகிற வழியில் விழுந்து கிடந்திருக்கிறாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கி விட்டால் அப்படியே தொப்பென்று விழுகிறது. கட்டில் தலைமாட்டில் 'பலூன் சிகிச்சை, வெறும் வயிறு' என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

இ.சி.ஜி. எடுத்தார்கள். தாளமே இல்லை. ரஹ்மத் என்னிடம் திரும்பி, "எப்ப இருந்துட்டி இப்படி இருக்கு? தாளம் தப்பி மேலறை துடிக்கிறத விட்டுட்டா ரத்தம் தேங்கிக் கட்டியாயிரும்லா. அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா ரத்தம் உறையாம ஊசியாவது போட்டிருக்கலாமே. நீதான தெனமும் கேட்ட?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

கட்டி ஒன்று இதயத்திலிருந்து கிளம்பி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டுவிட்டது. ஸ்கேனில் இடது பக்கம் பெரிதாகத் தெரிகிறது. ராத்திரி எந்நேரம் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாததால் கட்டியைக் கரைக்கிற மருந்தும் கொடுக்க முடியாது என்றார்கள்.

பத்து மணிக்குக் கார்டியாலஜியிலிருந்து வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஆள் வந்தார். "முப்பிடாதி யாரு?" என்று கேட்டார்.

பிப்ரவரி 19, புதன்

ஒன்று எழுத வேண்டும். எட்டாம் தேதிப் பக்கத்தில் 'அவளாக எடுத்த முடிவு' என்று எழுதியிருக்கிறேன். பொய். ஏழாம் தேதி சாயங்காலம் சார் என்னிடம் சொன்னார்: "அவ ஒன் பேச்சக் கேப்பா. ஒரு வாரம் தள்ளி வச்சுக்கிடச் சொல்லு." சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் ஓடினேன். சார் சொன்னதற்காக ஓடவில்லை. எனக்குக் கேட்கிற ஒரே மர்மர் அவளுடையது. அது போய்விட்டால் நான் ஃபெயில்.

கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "யக்கா, பலூன் போட்டா சத்தம் போயிரும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கென்ன, ஒங்க பரிச்ச முடிஞ்சு போட்டா போச்சு. முப்பது வருசமா இருக்க கதவு ஒரு வாரத்துலயா அடஞ்சிரும்?" என்றாள்.

பாவி. நான் பாவி.

இன்று மதியம் கோமு சார் ரூமுக்குப் போய் நின்றாள். துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். துணைக்கு! "ஏன் சார் இப்படி ஆச்சு? முந்தாநாள் வரைக்கும் எழுந்து நடந்தாளே" என்று கேட்டாள்.

சார் நல்லவர்தான். குரலை உயர்த்தவில்லை. மேஜையில் ஆறு பேப்பரை வரிசையாக எடுத்து வைத்தார். பதினேழாம் தேதி முப்பிடாதியைப் பரிசோதித்த ஆறு மாணவர்களின் விடைத்தாள். "இந்தாம்மா பாரு. ஆறு பேரும் தனித்தனியாப் பாத்திருக்காங்க. ஆறு பேரும் ரெகுலர்னு எழுதியிருக்காங்க. அன்னைக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் திடீர்னு வந்திருக்கு. யாரு என்ன செய்ய முடியும்?"

ஆறாவது பேப்பர் என்னுடையது. கையெழுத்து அழகாக இருந்தது.

கோமு அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் டாக்டரம்மா அவள நல்லாப் பாத்தீய. எங்க விதி" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்று போகவில்லை. இன்று போனேன்.

முப்பிடாதிக்கு நினைவு வந்துவிட்டது. ஆள் அடையாளம் தெரிகிறது. நான் வருவதைப் பார்த்ததும் முகத்தில் பாதி சிரித்தது. இடது கையால் வா வா என்று கூப்பிட்டாள். பேச வாயைத் திறந்தாள்.

"டுர்ர்ர்" என்றாள்.

கோமு சொன்னாள், காலையிலிருந்து அது ஒன்றுதான் வருகிறதாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், பெட்பேன் வேண்டுமென்றாலும் அதுதான். ஸ்ட்ரோக்கில் பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சத்தம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு, படித்திருக்கிறேன். வார்டு முழுக்க வாயடித்தவளுக்கு மிஞ்சினது இது. "இது என்ன சத்தம்னு தெரியலியே டாக்டரம்மா, அவ என்ன கேக்குதா?" என்று கோமு என்னைக் கேட்கிறாள். முதல் நாள் அக்கா வாயால் போட்டுக் காட்டினதைக் கோமு மறந்துவிட்டாள் போல. எனக்குத் தெரியும்.

முப்பிடாதி என் கழுத்தில் தொங்கின ஸ்டெத்தைத் தொட்டாள். "டுர்ர்ர்? டுர்ர்ர்?" என்று இரண்டு தடவை கேட்டாள், கேள்வி மாதிரியே. பாஸா என்று கேட்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. பாஸா டாக்டரம்மா என்று கேட்கிறாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரி 22, சனி

காலையில் நோட்டை எடுத்துப் பையில் வைத்ததை ரஹ்மத் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கதவைச் சாத்தினாள். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? இத வெளிய குடுத்தா ரிசல்ட்ட நிறுத்திருவாங்க. மூணாவது வாட்டியும் போச்சுன்னா ஒங்கப்பா தாங்குவாரா? இன்னும் ஒரு வாரம் பொறு, ரிசல்ட் வரட்டும். அப்புறம் சொல்லு."

ஒரு வாரம் பொறு. அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லாமலேயே ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

பதினோரு மணிக்கு வார்டுக்கு வெளியே பெஞ்சில் கோமுவிடம் நோட்டைக் கொடுத்தேன். "படி" என்றேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நடுவில் ஒரு தடவை நர்ஸ் கூப்பிட்டு எழுந்து போய், அக்காவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படித்தாள். பதினைந்தாம் தேதியை இரண்டு தடவை படித்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

முழுக்கப் படித்துவிட்டு நோட்டை என் மடியில் வைத்தாள். இதுவரைக்கும் இருந்த 'டாக்டரம்மா' இல்லை. "பதினேழாந் தேதி உள்ள என்ன நடந்துச்சுன்னு இதுல இல்லியே. நல்லாச் சொன்னேன்னு மட்டும் போட்டிருக்கு. எழுதுங்க. எழுதிட்டுக் குடுங்க. நான் இந்த ஆஸ்பத்திரிக்கே பெரிய டாக்டர் கைல கொண்டு போய்க் குடுக்கணும்" என்றாள்.

எழுதுகிறேன். அவள் எதிரிலேயே நிற்கிறாள்.

பதினேழாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஏழாம் கட்டில் எனக்கு விழுந்தது. திரைக்குள் நானும் முப்பிடாதியும் மட்டும் இருபது நிமிஷம். மூச்சு வாங்கியது. உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. "ஒண்ணும் பயப்படாதீய. எல்லாம் பழையபடிதான். மனப்பாடமாச் சொல்லிருங்க" என்று காதோடு சொன்னாள். எனக்கு முன்னால் வந்த ஐந்து பேருக்கும் அப்படியே சொல்லியிருப்பாள்.

அழுத்தாமல் வைத்துக் கேட்டேன். கேட்டது இது: தாளம் இல்லை. லப்புக்கு முன்னால் பலத்துக்கொண்டு வருகிற உறுமல் இல்லை. நெஞ்சில் நூற்றுப் பதினெட்டு, மணிக்கட்டில் தொண்ணூற்றிரண்டு. ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினேன். சனிக்கிழமை கேட்டது என் பயம் இல்லை, அவள் இதயம்தான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். என் காது சரியாகத்தான் இருந்தது.

எக்ஸாமினர் இரண்டு பேரும் திரைக்குள் வந்தார்கள். வெளியூர்க்காரர் கையில் சார் எழுதிக் கொடுத்த விடைத்தாள் இருந்தது. அவர் முப்பிடாதியைத் தொடவில்லை. வரிசையாகக் கேட்டார், நான் வரிசையாகச் சொன்னேன். பிறகு "ரிதம்?" என்றார்.

"சார், ரிதம் வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். ரெகுலர் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம் கோமு.

நான் தடுமாறுவதை முப்பிடாதி பார்த்தாள். எக்ஸாமினர் முதுகுக்குப் பின்னால் கையைத் தூக்கினாள். நெற்றியைச் சொறிந்தாள். நான் மறுபடி பேசாமல் நிற்கவும், மாத்திச் சொல்லு, மாத்திச் சொல்லு என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டே மறுபடியும் சொறிந்தாள். அவளுக்குத் தெரிந்த சரியான விடை அதுதான்.

"ரெகுலர் சார்" என்றேன்.

"வெரி குட்" என்றார்.

முப்பிடாதி கையைக் கீழே இறக்கிச் சிரித்தாள். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் அன்று பகல் முழுக்க, சாயங்காலம் முழுக்க நேரம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவுதான். இதற்குக் கீழே என் பெயரை எழுதுகிறேன்: ஜே. குளோரி. முன்னால் ஒன்றும் போடவில்லை.

கோமு கையை நீட்டுகிறாள்.